டாரட் படங்களில் அம்மாவும் அப்பாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் டாரட் சீட்டுகளில் (குறி பார்க்கப் பயன்படும் படச் சீட்டுகள்) தாய், தந்தை உருவங்களை எப்படிப் பார்ப்பது என்பதைப் பற்றியது. வேறு பெயர் சொல்லாத இடங்களிலெல்லாம் ரைடர்-வெய்ட்-ஸ்மித் டெக்கை (சீட்டுக்கட்டை)த்தான் குறிப்பிடுகிறோம். ஆர்தர் எட்வர்ட் வெய்ட் திட்டமிட்டு, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து, 1909 டிசம்பரில் லண்டனில் வெளிவந்த டெக் அது. 78 சீட்டுகள்: 22 மேஜர் அர்கானா (எம்பிரஸ், எம்பரர் போன்ற தனிப் பெயருள்ள சீட்டுகள்), 56 மைனர் அர்கானா (கோப்பை, வாள், கோல், நாணயம் என்று நான்கு வகை; ஒவ்வொன்றிலும் எண் சீட்டுகளும் ராஜா, ராணி போன்ற அரசவைச் சீட்டுகளும்). கையில் டெக்கை வைத்துக்கொண்டு படியுங்கள். படத்தைப் பார்க்காமல் படித்தால் பாதிதான் புரியும்.

ஆழ்படிமம் என்கிறார்களே, அது என் சொந்த அம்மா அப்பாவா?

இல்லை. இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் வழி தவறுகிறார்கள். ஆழ்படிமம் என்பது ஒரு நாற்காலி. அதில் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பது வேறு கதை. ‘ஊட்டுபவள்’, ‘எல்லை போடுபவர்’ என்று சில நாற்காலிகள் எல்லார் மனத்திலும் கிடக்கின்றன. உங்களுக்கு ஊட்டியது பாட்டியாக இருக்கலாம், எல்லை போட்டது பெரியக்காவாக இருக்கலாம். உளவியலாளர் கார்ல் யுங் 1938-இல் தாய்ப் படிமத்தைப் பற்றிப் பேசியபோது அன்பான தாயும் அச்சமூட்டும் தாயும் ஒரே படிமத்தின் இரு முகங்கள் என்றார். இந்தியாவின் காளியை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார். ஆகவே ‘நல்ல அம்மா சீட்டு’, ‘கெட்ட அம்மா சீட்டு’ என்று டெக்கைப் பிரிக்க முடியாது.

சீட்டு வந்ததும் “இது யார்?” என்று கேட்காதீர்கள். “இந்த உருவம் என்ன செய்துகொண்டிருக்கிறது?” என்று கேளுங்கள்.

எம்பிரஸ் (பேரரசி) சீட்டு என்றால் தாய் என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்?

சொல்கிறார்கள். ஆனால் படத்தில் குழந்தை இல்லையே, கவனித்தீர்களா? டெக்கிலேயே மிகப் பெரிய தாய் உருவம் எனப்படும் மூன்றாம் எண் சீட்டில் ஒரு பிள்ளைகூடக் கிடையாது. அங்கி தளர்வாக இருப்பதால் கர்ப்பிணி என்று பலர் படிக்கிறார்கள். அப்படிப் படிக்கலாம், ஆனால் அது பார்ப்பவர் சேர்ப்பது.

படத்தில் இருப்பவை இவை. அவள் அரண்மனைக்குள் இல்லை, திறந்த வெளியில் மெத்தைகளின் மேல் சாய்ந்திருக்கிறாள். தலையில் பன்னிரண்டு விண்மீன்கள் கொண்ட கிரீடம். அங்கியில் மாதுளை வடிவங்கள். காலடியில் முற்றிய கோதுமைக் கதிர். பின்னால் காடு, காட்டுக்குள்ளிருந்து விழும் நீர். ஒரு கையில் உயர்த்திய செங்கோல். இருக்கையோரம் இதய வடிவில் ஒரு கேடயம், அதில் வீனஸ் குறி.

அந்தக் கேடயத்தில் சற்று நில்லுங்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மிலானில் வரையப்பட்ட விஸ்கோன்டி-ஸ்ஃபோர்ட்சா சீட்டுகளில் பேரரசியின் கேடயத்தில் இருப்பது பேரரசுச் சின்னமான கருங்கழுகு. பின்னாளில் பிரான்சில் பரவிய மார்செய் வகை டெக்குகளிலும் கழுகுதான். அன்று அவள் ஆட்சியில் பங்குள்ளவள். பேரரசர் பக்கத்தில் இருப்பவள். சீட்டாட்டத்துக்காக இத்தாலியில் பிறந்த அட்டைகள் அவை. குறி பார்க்கும் வழக்கம் பரவலானது 1780-களுக்குப் பிறகு பிரான்சில்தான். 1909-இல் கழுகு போய் இதயமும் வீனஸ் குறியும் வந்தன. அதாவது ‘தாய்’ என்ற பொருள் இந்தச் சீட்டின் மேல் பிறகு படிந்த அடுக்கு. கேடயம் மட்டும் இன்னும் கேடயமாகவே இருக்கிறது. அன்பு அவளிடம் ஒரு தற்காப்பாகவும் இருக்கிறது என்று படிக்க அது இடம் தருகிறது. “உனக்காகத்தானே எல்லாம் செய்தேன்” என்ற வார்த்தையைக் கேடயமாகப் பிடித்த ஒரு தாயை அறிந்தவர்களுக்கு இது உடனே புரியும்.

இன்னொன்று: அவள் எழுந்து எங்கும் போகவில்லை. வளம் அவளைச் சுற்றி இருக்கிறது. பிள்ளைதான் அவளிடம் வரவேண்டும். இது ஆறுதலா, சுமையா என்பது கேட்பவரின் வாழ்க்கையைப் பொறுத்தது. அதை அவர்தான் சொல்ல வேண்டும், ரீடர் (சீட்டைப் படித்துச் சொல்பவர்) அல்ல.

எம்பரர் (பேரரசர்) என்றால் கண்டிப்பான அப்பாவா?

அவசர முடிவு. நான்காம் எண் சீட்டைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். முதலில் கால்கள். சிவப்பு அங்கிக்குக் கீழே இரும்புக் கவசம் தெரிகிறது. அரியணையில் உட்கார்ந்தபடியே போருக்குத் தயாராக இருக்கிறார். கவசத்தைக் கழற்றி வைக்கத் தெரியாத மனிதர் என்றும் படிக்கலாம். எதிரி யாரும் படத்தில் இல்லை.

அரியணை கல். அதில் ஆட்டுக்கடாத் தலைகள்: மேலே இரண்டு, கைப்பிடிகளில் இரண்டு. மேஷ ராசியின் குறி அது. பின்னால் மொட்டை மலைகள், ஒரு செடிகூட இல்லை. இடக்கையில் உருண்டை. வலக்கையில் உள்ள செங்கோல் எகிப்திய ‘ஆங்க்’ வடிவத்தை ஒத்தது, உயிரின் குறி. வறண்ட மலைக்கு முன்னால் உயிர்க்குறியைப் பிடித்திருக்கும் இந்த முரண்தான் சீட்டின் நெஞ்சம். குடும்பத்தைக் காப்பாற்றுவதையே அன்பாக நினைத்து, அதைத் தவிர வேறு விதமாகக் காட்டத் தெரியாத தந்தை இதில் இருக்கிறார். அடக்கி ஆளும் தந்தையும் இருக்கிறார். படம் இரண்டில் எதையும் முடிவு செய்வதில்லை.

அரியணைக்குப் பின்னால் மலையடிவாரத்தில் மெல்லிய நீரோடை ஒன்று ஓடுகிறது. சிறிய பாக்கெட் டெக்கில் இது கண்ணுக்கே தெரியாது. 7 × 12 செ.மீ. அளவுள்ள வழக்கமான டெக்கை நாங்கள் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் இதுதான். எம்பிரஸை இடப்புறமும் எம்பரரை வலப்புறமும் வைத்துப் பாருங்கள். அவள் பக்கத்தில் பொங்கும் நீர் இவர் பக்கத்தில் கோடாகச் சுருங்கியிருப்பது தெரியும். இருவரையும் சேர்த்துப் படிக்கும்போது நாங்கள் முதலில் பார்ப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

ஹை பிரீஸ்டஸ் (தலைமைப் பூசாரிணி), ஹைரோஃபன்ட் (தலைமை மதகுரு) இருவரும் பெற்றோர் சீட்டுகளா?

ஆம், ஆனால் வேறு வகை. ஹை பிரீஸ்டஸ் கறுப்பு, வெள்ளைத் தூண்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறாள். மடியில் உள்ள சுருளில் பாதியை அங்கி மறைக்கிறது. எல்லாம் தெரிந்தும் சொல்லாத தாய். பின்னால் தொங்கும் திரையிலும் மாதுளைகள்தான். எம்பிரஸ் உடுத்தியிருப்பதை இவள் திரையாகப் போட்டிருக்கிறாள். ஹைரோஃபன்ட் முன்னால் இரண்டு பேர் முதுகைக் காட்டி மண்டியிட்டிருக்கிறார்கள், காலடியில் இரண்டு சாவிகள். ‘நம் குடும்ப வழக்கம்’ என்ற குரலில் பேசும் பெற்றோர் இங்கே வருகிறார்கள். அப்பாவைவிடத் தாத்தாவுக்குப் பொருந்துவதுண்டு.

நான்கு ராணிகளையும் அம்மாவாகப் படிக்கலாமா?

படிக்கலாம். நடைமுறையில் எம்பிரஸைவிட இவர்கள்தான் அதிகம் உதவுவார்கள். எம்பிரஸ் ஒரு மலைபோலப் பொதுவானவள், ராணிகள் ஆளுக்கொரு குணம் உள்ளவர்கள். கண்ணும் கையும் எங்கே போகின்றன என்று பாருங்கள்.

நாணய ராணி தலை குனிந்து, மடியிலுள்ள நாணயத்தை இரு கைகளாலும் ஏந்திப் பார்க்கிறாள். கைக்குழந்தையைப் பிடிக்கும் பிடி அது. கீழ்மூலையில் ஒரு முயல். பராமரிப்பு, சாப்பாடு, மருந்து, கணக்கு எல்லாம் இவள் பொறுப்பு. ஆனால் அவள் பார்வை நாணயத்தைவிட்டு உங்கள் பக்கம் திரும்பவில்லை.

கோப்பை ராணியின் கோப்பை மூடியிருக்கிறது. அலங்காரமான மூடி, இருபுறமும் தேவதைகள். அதையே உற்றுப் பார்க்கிறாள். உணர்ச்சி நிறைந்த தாய், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. அம்மாவின் முகத்தைப் படித்தே வளர்ந்தவர்களுக்கு இந்தச் சீட்டு சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

வாள் ராணியைப் பற்றித்தான் அதிகம் தவறாகச் சொல்லப்படுகிறது. வெய்ட் இவளுக்குக் கைம்மை, பெண்ணின் துயரம், பிரிவு என்ற பொருள்களைக் கொடுத்தார். அதனால் ‘கொடூரத் தாய்’ என்று ஒரேயடியாக ஒதுக்குகிறார்கள். படத்தைப் பாருங்கள். வாள் நேராக நிற்கிறது, வெட்ட வீசப்படவில்லை. இடக்கை முன்னால் நீண்டிருக்கிறது. “வா” என்கிறதா, “நில்” என்கிறதா? எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் இதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் சொல்லும் பதில், நீங்கள் மனப்பாடம் செய்த எந்தப் பொருளையும்விட மேலானது. கிரீடத்தில் பட்டாம்பூச்சிகள், அரியணையில் செதுக்கிய குழந்தை முகம். இழப்புக்குப் பிறகு தனியாக நின்று பிள்ளைகளை வளர்த்தவளாகவும் இவள் வரலாம்.

கோல் ராணிக்கு ஒரு கையில் சூரியகாந்தி, காலடியில் கறுப்புப் பூனை. தனக்கென்று ஒரு வாழ்க்கை உள்ள அம்மா. அதைக் கொண்டாடும் பிள்ளையும் உண்டு, அதற்காக வருந்தும் பிள்ளையும் உண்டு.

ராஜாக்கள்?

கோப்பை ராஜாவின் அரியணை கொந்தளிக்கும் கடலின் மேல் மிதக்கிறது, அவர் மேல் ஒரு துளி நீர் படவில்லை. கழுத்தில் மீன் வடிவப் பதக்கம். கோப்பை கையில் இருந்தாலும் பார்வை அதில் இல்லை. பாசம் உண்டு, நனைய மாட்டார். நாணய ராஜாவின் அங்கி முழுக்கத் திராட்சைக் கொடி, அதன் அடியிலிருந்து கவசம் அணிந்த கால் எட்டிப் பார்க்கிறது. எம்பரரின் கவசம் செல்வத்துக்குள் ஒளிந்திருப்பதுபோல. வாள் ராஜா நேரே உங்களைப் பார்க்கிறார். விசாரிக்கப்படுவதாகத் தோன்றுகிறதா, கவனிக்கப்படுவதாகவா? கோல் ராஜா பக்கவாட்டில் திரும்பி, எந்த நொடியும் எழுந்து போகக்கூடியவராக உட்கார்ந்திருக்கிறார். வேலை, ஊர், கூட்டம் என்று அலைந்த அப்பாக்கள் இந்தச் சீட்டில் அடிக்கடி கிடைப்பார்கள்.

என் அப்பாதான் மென்மையானவர், அம்மாதான் கண்டிப்பு. அப்போது?

அப்பாவுக்கு எம்பிரஸை வைக்கலாம், அம்மாவுக்கு எம்பரரை வைக்கலாம். உருவத்தின் பாலினத்தைவிடச் செய்கைக்கு முதலிடம் கொடுங்கள். ஒரே ஆளுக்கு இரண்டு சீட்டும் பொருந்தலாம், ஒற்றைப் பெற்றோர் வளர்த்த வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான்.

பெற்றோர் உருவம் வெளிப்படையாக இல்லாத சீட்டுகளில் எங்கே தேடுவது?

படத்தின் ஓரங்களில். நான்கு சீட்டுகளைச் சொல்கிறோம்.

கோப்பை ஆறு: ஒரு சிறுவன் குனிந்து, பூ நிறைந்த கோப்பையைச் சிறுமியிடம் நீட்டுகிறான். இனிய பால்யம் என்று எல்லாரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். இடப்பக்கம் பின்னால் பாருங்கள். ஈட்டியுடன் ஒரு காவலர் முதுகைக் காட்டி நடந்து போகிறார். படத்திலுள்ள ஒரே பெரியவர் அவர்தான். பிள்ளைகள் பாதுகாப்பாக இருப்பதால் போகிறாரா, விட்டுவிட்டுப் போகிறாரா?

கோப்பை பத்து: பெற்றோர் வானவில்லைப் பார்த்துக் கை உயர்த்தி நிற்கிறார்கள், முதுகு நம் பக்கம். பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் தங்களுக்குள் ஆடுகிறார்கள். மகிழ்ச்சியான வீடுதான். ஆனால் பெற்றோர் ஒருபக்கம், பிள்ளைகள் ஒருபக்கம். “வெளியிலிருந்து பார்த்தால் நல்ல குடும்பம்” என்று பேச்சைத் தொடங்குபவர்களுக்கு இந்த இடைவெளியைக் காட்டலாம்.

நாணயம் பத்து: திராட்சை வடிவ அங்கியில் ஒரு முதியவர் வளைவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார். மகன், மருமகள் என்று நாம் எடுத்துக்கொள்ளும் இருவரும் அவரைப் பார்க்கவில்லை. அவரிடம் வந்திருப்பவை இரண்டு வெள்ளை நாய்கள். குழந்தை பெண்ணின் பின்னாலிருந்து நாயை நோக்கிக் கை நீட்டுகிறது. சொத்து, பரம்பரை என்று வறட்டுப் பொருள் சொல்லப்படும் சீட்டு, உண்மையில் மூன்று தலைமுறையின் இருக்கை வரிசை.

வாள் ஆறு: படகில் போர்த்திய ஒரு பெண், பக்கத்தில் குழந்தை, பின்னால் கழி ஊன்றும் ஆள். யார் முகமும் தெரியவில்லை. வீடு மாறியது, ஊர் மாறியது, பெற்றோர் பிரிந்தது போன்ற நினைவுகளுக்கு இதைப்போல வேறு சீட்டு இல்லை. படகில் செருகிய ஆறு வாள்களும் கூடவே வருகின்றன.

முன்னோர் பற்றிய கேள்வி என்றால் ஜட்ஜ்மென்ட் சீட்டையும் சேருங்கள். கல்லறையிலிருந்து எழும் ஆண், பெண், நடுவே நமக்கு முதுகு காட்டும் குழந்தை.

வீட்டில் தனியாகச் செய்ய ஒரு முறை சொல்லுங்கள்.

பெற்றோர் விஷயத்துக்குக் கண்ணை மூடிச் சீட்டு எடுப்பதைவிட, திறந்து வைத்துத் தேர்ந்தெடுப்பதே நல்லது. சுமார் 40 நிமிடம் ஒதுக்குங்கள்.

முதலில் 12 சீட்டுகளைப் பிரித்தெடுங்கள்: எம்பிரஸ், எம்பரர், ஹை பிரீஸ்டஸ், ஹைரோஃபன்ட், நான்கு ராணிகள், நான்கு ராஜாக்கள். நான்கு நான்காக மூன்று வரிசையில் படம் தெரியும்படி வையுங்கள். கீழேயுள்ள பெயரை ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்துவிடுங்கள். பெயர் தெரிந்தால் கண் பார்ப்பதை நிறுத்திவிடும்.

மூன்று சீட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். வளர்ந்தபோது உங்களுக்கு ஊட்டியவர் ஒன்று. எல்லை போட்டவர் ஒன்று. இருந்திருக்கலாமே என்று ஏங்கிய ஒருவர் மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரி எழுதுங்கள், ஆனால் கண்ணில் படுவதை மட்டும்: ‘கை மூடியிருக்கிறது’, ‘கால் தரையில் இல்லை’ என்று. ‘அன்பானவர்’, ‘கோபக்காரர்’ போன்ற சொற்களுக்கு இன்னும் இடம் கொடுக்காதீர்கள். அதன் பிறகு ஆறாவது வரியாக, ‘இவருக்கும் எனக்கும் நடுவே என்ன இருக்கிறது?’ என்ற கேள்விக்குப் பதில் எழுதுங்கள்.

கடைசியில், மீதமுள்ள 75 சீட்டுகளைக் கலைத்து ஒன்றே ஒன்றை எடுத்து மூன்றின் கீழே வையுங்கள். “இன்று எனக்கு நானே பெற்றோராக என்ன செய்யலாம்?” என்பதற்கான சீட்டு அது. அத்தோடு நிறுத்துங்கள். தெளிவாக இல்லை என்று மேலும் மேலும் எடுத்தால் பிடித்த பதில் வரும்வரை எடுத்துக்கொண்டே இருப்பீர்கள்.

ஐந்து சீட்டு விரித்தேன், எம்பிரஸ் வரவேயில்லை. தாயன்பு இல்லாத வாழ்க்கை என்று ரீடர் சொன்னார். சரியா?

சரியல்ல, இதைக் கணக்கே காட்டிவிடும். 78 சீட்டில் ஐந்து எடுத்தால் எம்பிரஸ், எம்பரர் இருவரில் ஒருவராவது வரும் வாய்ப்பு சுமார் 12.5 சதவீதம், அதாவது எட்டில் ஒரு தடவை. மேலே சொன்ன 12 சீட்டுகளில் ஒன்றுகூட வராமல் போகும் வாய்ப்பே சுமார் 42 சதவீதம். வராத சீட்டுக்குப் பொருள் சொல்லத் தொடங்கினால் உலகில் பாதிப்பேருக்குப் பெற்றோரே இல்லை என்றாகிவிடும். வந்த சீட்டை மட்டும் படியுங்கள்.

தலைகீழாக வந்தால் ‘கெட்ட அம்மா’, ‘கெட்ட அப்பா’வா?

அப்படி வேண்டாம். பெற்றோர் சீட்டுகளில் தலைகீழை நாங்கள் மூன்று விதமாகச் சோதிப்போம்: அந்தக் குணம் அளவுக்கு மிஞ்சியதா, கிடைக்காமல் போனதா, அல்லது இப்போது கேட்பவரின் உள்ளேயே நடக்கிறதா. தலைகீழ் எம்பிரஸ் ‘மூச்சு முட்டும் கவனிப்பு’ ஆகலாம், ‘பசித்த பிள்ளை’ ஆகலாம், ‘தன்னைக் கவனித்துக்கொள்ளாத தாய்’ ஆகலாம். பக்கத்துச் சீட்டும் கேள்வியும்தான் முடிவு செய்யும். புதிதாகக் கற்பவர்கள் ஆறு மாதம் தலைகீழே பார்க்காமல் நேராக மட்டும் படிப்பது நல்லது.

தோத், மார்செய் டெக் வைத்திருக்கிறேன். இதெல்லாம் பொருந்துமா?

பார்க்கும் முறை பொருந்தும், விவரங்கள் மாறும். மார்செய் டெக்கில் எண் சீட்டுகளில் காட்சி கிடையாது, கோப்பை ஆறு என்றால் ஆறு கோப்பைகள்தான். அங்கே பெற்றோரை மேஜர் அர்கானாவிலும் அரசவைச் சீட்டுகளிலும் மட்டும் தேடுங்கள். லவர்ஸ் சீட்டில் ஓர் இளைஞன் இரண்டு பெண்களுக்கு நடுவே நிற்கிறான். ஒருத்தி தாய், ஒருத்தி காதலி என்று படிக்கும் வழக்கம் உண்டு, பெற்றோரைவிட்டுப் பிரியும் கேள்விகளுக்கு அது அருமையாக உதவும்.

அலிஸ்டர் குரோலிக்காக ஃப்ரீடா ஹாரிஸ் வரைந்த தோத் டெக்கில் ஒரு பொறி இருக்கிறது. அதில் ராஜா என்ற சீட்டே இல்லை. நைட் (குதிரை வீரர்), ராணி, இளவரசன், இளவரசி என்று நால்வர். தந்தையின் இடம் நைட்டுக்கு, தாய் ராணி, மற்ற இருவரும் மகனும் மகளும். ரைடர் பழக்கத்தில் நைட்டை ‘அலையும் இளைஞன்’ என்று படித்தால் அப்பாவை மகனாக்கிவிடுவீர்கள். அதே டெக்கின் எம்பிரஸில், தன் இரத்தத்தால் குஞ்சுகளுக்கு ஊட்டும் கூழைக்கடா இருக்கிறது. ரைடரில் இல்லாத பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள், தாயின் இரத்தத்தைக் குடித்தபடி.

பமீலா ஸ்மித்தின் சொந்த வாழ்க்கை படங்களில் தெரிகிறதா?

1878-இல் பிறந்தவர், 1896-இல் தாயையும் 1899-இல் தந்தையையும் இழந்தார். இந்தச் சீட்டுகளை வரைந்தபோது வயது 31. முதுகு காட்டும் பெரியவர்களும் முகம் தெரியாத பயணிகளும் இந்த டெக்கில் இத்தனை பேர் இருப்பதைப் பார்க்கும்போது மனம் அங்கே போகத்தான் செய்கிறது. அவர் அப்படி எழுதி வைத்ததாகச் சொல்ல முடியாது, ஆகவே பொருள் சொல்லும்போது அதைச் சான்றாக்காதீர்கள்.

அடி, வதை, கைவிடல் அனுபவித்தவருக்கு இந்தச் சீட்டுகளை எப்படி வைப்பது?

முன்கூட்டியே கேட்டுவிட்டு வையுங்கள். அம்மா அப்பா பற்றிப் பேச இன்று விருப்பமா, எந்தச் சீட்டையாவது எடுத்துவிட வேண்டுமா என்று. வேண்டாம் என்ற சீட்டை மேசையிலிருந்தே அகற்றுங்கள், கவிழ்த்து வைப்பது போதாது. “அவர் உள்ளுக்குள் உங்களை நேசித்தார், கவசம் பாருங்கள்” என்று எம்பரரைக் காட்டி மன்னிக்கச் சொல்வது பெரிய தவறு. படத்தின் மறுபக்கத்தைப் பார்ப்பதும் பாராததும் அவர் உரிமை. டெவில் சீட்டில் கழுத்துச் சங்கிலி தளர்வாக இருப்பதைக் காட்டி “நீங்களே கழற்றியிருக்கலாம்” என்பதும் அப்படியே. பெரியவருக்குச் சொல்லலாம், ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தாது.

நடுக்கம், அழுகை நிற்காமை, நினைவு கட்டுக்கடங்காமல் வருதல் என்றால் சீட்டுகளை மூடிவிட்டு, மனநல ஆலோசகரிடம் போகச் சொல்லுங்கள்.

“என் அம்மா என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்?” என்று சீட்டிடம் கேட்கலாமா?

அம்மா உயிரோடு, பேசும் நிலையில் இருந்தால் அவரிடமே கேட்கலாம். சீட்டிடம் கேட்க வேண்டியது, “அவரிடம் இதைக் கேட்க என்னைத் தடுப்பது எது?” என்பது. ஒரு சீட்டு போதும். அந்த உருவத்தின் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.